அவர் பெயரில் நான் சொன்னது

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வங்கி ஒன்றுக்காக எழுதப்படும் மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுகிற வேலை. ஹூஸ்டனில் இருபது வருடமாக இதையேதான் செய்கிறேன். ஒருவன் வந்து "எல்லாம் சரியா ஓடுது" என்று சொன்னால் முதலில் அவனைத்தான் நம்ப மாட்டேன். வீட்டிலும் அதே புத்திதான். பால் கேனில் தேதியைப் பார்ப்பேன். போட்டுவிட்டு வந்த பூட்டைத் திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பேன். கோயிலில் பிரசாதம் கொடுப்பவர் எனக்கு மட்டும் ஏன் ஒரு கரண்டி குறைவாக வைத்தார் என்று கார் வரைக்கும் யோசித்துக்கொண்டே வருவேன். மனைவி இதை வியாதி என்பாள், நான் ஜாக்கிரதை என்பேன்.

இப்படிப்பட்ட நான் ஒரே ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லாமல் இருந்தேன். கொலை செய்தவனைக் கொல்ல வேண்டும். நாங்கள் நாலைந்து குடும்பங்கள் கூடிச் சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது செய்தி அடிபடும். ஊரில் ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமை, இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு. காகிதத் தட்டில் பிரியாணியை வைத்துக்கொண்டு, "தூக்குல போடணுங்க, வேற பேச்சே கிடையாது" என்பேன். டெக்சஸில் தூக்கு கிடையாது, விஷ ஊசிதான். அது தெரிந்தும் எங்கள் வாயில் தூக்குதான் வரும். யாரும் மறுத்துப் பேசியதில்லை. மனைவி மட்டும் எழுந்து போய் யாருக்கும் வேண்டாத தயிர்ப்பச்சடியை எடுத்து வருவாள்.

தம்பி என்று நான் சொல்லப்போவது என் கூடப் பிறந்தவனை அல்ல. எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்த இருபத்தொன்பது வயதுப் பையன். கோவில்பட்டிப் பக்கம். வெள்ளிக்கிழமை என்றால் ராத்திரிச் சாப்பாடு அவனுக்கு எங்கள் வீட்டில்தான். மனைவி அடை வார்க்க வார்க்க அடுப்படியிலேயே நின்று தின்பான். ஊரில் அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருகிற ஃபோட்டோக்களை எங்களிடம் காட்டுவான். நாங்கள் ஒரு குறை சொன்னால் போதும், நேரில் பார்த்தே இராத அந்தப் பெண்ணுக்காக எங்களோடு சண்டைக்கு வருவான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தினான். கறுப்பு முக்காட்டுச் சட்டை போட்ட இரண்டு பையன்கள் வந்து காரைக் கேட்டார்கள். சாவியைக் கொடுத்துவிட்டான் என்றுதான் போலீஸ் சொன்னது. கொடுத்த பிறகும் ஒருவன் சுட்டான். வெளியே வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் மாவில் வெங்காயம் கலந்து வைத்திருந்தது. அந்த மாவை அப்புறம் என்ன செய்தோம் என்று எனக்கும் நினைவில்லை, மனைவிக்கும் நினைவில்லை.

மறுநாளே இரண்டு பேரும் பிடிபட்டார்கள். அதில் ஒருவன், சுட்டது நானில்லை, அவன்தான் என்று மற்றவனைக் காட்டிக்கொடுத்தான். காட்டிக்கொடுத்தவனுக்குச் சலுகை என்று பேச்சு முடிந்தது. காட்டிக்கொடுக்கப்பட்டவனுக்கு இருபத்திரண்டு வயது. அவனுக்கு அரசு மரண தண்டனை கேட்கலாம் என்றார்கள். அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு குளிர்ந்தது என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை.

உடலை ஊருக்கு அனுப்பி ஐந்து மாதம் கழித்து அவனுடைய அண்ணன் வந்தார். அரசு வக்கீல் குடும்பத்தாரைப் பார்க்க வேண்டும் என்று கடிதம் போட்டிருந்தார். அப்பா இல்லை, அம்மா படுக்கையில். ஆகவே அண்ணன். ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். என்னைவிட ஐந்து வயது இளையவர்தான், ஆனால் பார்த்ததுமே என் வாயில் "அண்ணாச்சி" என்று வந்துவிட்டது. அவர் என்னை "சார்" என்றார், என் மனைவியை "அக்கா" என்றார். எங்கள் வீட்டில்தான் தங்கினார். தம்பியின் சாமான்கள் எங்கள் கராஜில் இருந்தன. குக்கர், இரண்டு பேட்மின்டன் மட்டை, பிரிக்காத ஒரு சட்டை. அந்தச் சட்டையை அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, "சைஸ் பெரிசா எடுத்துட்டாம்லா" என்று சொல்லி அப்படியே திரும்ப வைத்துவிட்டார்.

வந்த இரண்டாம் நாள், "அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும் சார், ஒயரக் கட்டியே கொன்னுருவேன்" என்றார். எனக்கு மனசுக்கு நிறைவாக இருந்தது. நம்ம ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

அரசு வக்கீலின் அலுவலகம் ஊர் நடுவே ஒரு உயரமான கட்டடத்தில் இருந்தது. ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாள் உள்ளே வந்ததும் அண்ணாச்சி எழுந்து கையைக் கட்டிக்கொண்டார். உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார். மொழிபெயர்க்க ஒருவரைத் தொலைபேசியில் ஏற்பாடு செய்திருந்தார்கள். லைன் இரண்டு முறை அறுந்தது. மூன்றாம் முறை அந்தப் பக்கம் பேசியவர் அண்ணாச்சி சொல்வது புரியவில்லை என்றார், அவர் சொல்வது அண்ணாச்சிக்குப் புரியவில்லை. நான் இருக்கிறேனே, நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவருக்குச் சம்மதமா என்று கேளுங்கள் என்றார் அந்த அம்மாள். நான் அவரிடம் கேட்கவே இல்லை, சம்மதம் என்று நானே சொன்னேன்.

பிறகு அந்த அம்மாள் நிதானமாக விளக்கினார். இந்த வழக்கில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று மரண தண்டனை கேட்பது. இன்னொன்று, வெளியே வரவே முடியாத ஆயுள் சிறை. முடிவு எங்கள் அலுவலகத்துடையது, ஆனாலும் குடும்பத்தின் மனதை அறியாமல் முடிவெடுக்க மாட்டோம். இவர் என்ன நினைக்கிறார்?

நான் அண்ணாச்சியிடம் தமிழில் சொன்னேன். "அவனுக்கு என்ன தண்டனை வேணும்னு கேக்கறாங்க."

அண்ணாச்சி அந்த அம்மாளைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்களே சொல்லிருங்க சார்" என்றார்.

இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தாலுகா ஆபீஸானாலும் பேங்க் ஆனாலும் படித்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவோம். அவர் பேசுவார், நாம் பக்கத்தில் நிற்போம். என் அப்பாவும் ஈரோட்டில் பத்திரப் பதிவுக்கு ஒரு வாத்தியாரைத்தான் கூட்டிப் போனார். ஆனால் அந்த வாத்தியார் உள்ளே போவதற்கு முன்னால் மரத்தடியில் நின்று அப்பாவிடம் நாலு கேள்வி கேட்டுக்கொள்வார். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"குடும்பம் மரண தண்டனையைத்தான் விரும்புகிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மாள் எழுதப்போன கையை நிறுத்தி, இது இவருடைய சொந்த வார்த்தைதானா என்று கேட்டார். அண்ணாச்சி பக்கம் திரும்பி, "சரிங்களா?" என்றேன். எது சரியா என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தலையை ஆட்டினார். அந்த அம்மாள் எழுதிக்கொண்டார். திரும்பி வரும்போது, "என்ன சார் எழுதுனாங்க?" என்று கேட்டார். "எல்லாம் நல்லபடியா எழுதிட்டாங்க" என்றேன். அலுவலகத்தில் ஒருவன் இப்படி ஒரு வேலையைக் கொண்டுவந்து கொடுத்திருந்தால் முகத்தில் விட்டெறிந்திருப்பேன்.

அடுத்த வாரம் கோர்ட்டில் ஒரு விசாரணை. ஜாமீன் பற்றி என்னமோ. போக வேண்டிய அவசியமில்லை என்றார்கள், அண்ணாச்சி போக வேண்டும் என்றார். அந்தப் பையனை அன்றுதான் நேரில் பார்த்தோம். ஒல்லியாக, கழுத்தில் பச்சை குத்தியிருந்தான். ஒருதரம் திரும்பி எங்கள் பக்கம் பார்த்தான். எவ்வளவு திமிராகப் பார்க்கிறான் என்று எனக்குத் தோன்றியது. இப்போது யோசித்தால் அவன் கடிகாரத்தைப் பார்த்திருக்கலாம். கடிகாரம் எங்கள் தலைக்கு மேலேதான் இருந்தது.

பெட்ரோல் நிலையத்தின் வீடியோவைத் திரையில் போட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணாச்சி கண்ணெடுக்காமல் பார்த்தார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நெடுநேரம் பேசினார். இருவரும் ஒரே மாதிரி உடை, ஒரே உயரம், முகம் தெரியவில்லை, சுட்டது இவன் என்பதற்குக் கூட்டாளி சொன்னதைத் தவிர என்ன இருக்கிறது என்றார். அண்ணாச்சி என் காதருகே, "என்ன சொல்லுதாரு?" என்றார். "சும்மா, அவனக் காப்பாத்தப் பாக்கறாரு" என்று மட்டும் சொன்னேன். வக்கீல் என்றால் அப்படித்தானே பேசுவான், அதையெல்லாம் இவரிடம் சொல்லிக் குழப்புவானேன் என்பது என் நினைப்பு.

இடைவேளையில் நான் பாத்ரூம் போய்விட்டு வந்தேன். வராந்தா பெஞ்சில் அண்ணாச்சி ஒரு தடித்த பெண்மணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்மணி கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அண்ணாச்சியின் தண்ணீர் பாட்டில் அவர் மடியில் இருந்தது. கோர்ட்டுக்குள் அந்தப் பையனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்மணி. அவனுடைய அம்மா.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஆயிரம் பேர் நடமாடும் கட்டடத்தில் இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுவானேன்? யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எதிர்த்தரப்பு வக்கீலின் ஆட்கள் தூரத்தில் நின்று பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் தேடினேன். காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு போலீஸ்காரரைத் தவிர யாரும் இல்லை. அண்ணாச்சியின் முழங்கையைப் பிடித்து எழுப்பி நடத்திக்கொண்டு வந்தேன்.

"அது யாருன்னு தெரியுமா?"

"தெரியும் சார். அவன் அம்மைதான. அழுதுட்டு இருந்தா. தண்ணி குடுத்தேன்."

"அவங்க உங்களக் கலைக்கப் பாக்கறாங்க அண்ணாச்சி. இவங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

"எனக்கு இங்கிலீசு தெரியாது, அவளுக்குத் தமிழு தெரியாது. என்னத்தக் கலைக்க?"

காரில் ஏறி வீட்டுக்குக் கிளம்பினோம். பிறகு திடீரென்று கேட்டார். "ரெண்டு பேரும் ஒண்ணு போல கறுப்புத் துணி போட்டுருக்கான். மூஞ்சியும் தெரியல. இவன்தான் சுட்டாம்னு எப்படி சார் சொல்லுதாங்க?"

"கூட வந்தவனே சொல்லிட்டானே."

"கூட வந்தவனா?" என்று சிரித்தார். நல்ல சிரிப்பு அல்ல. "மோட்டார் எரிஞ்சு போச்சுன்னு ரெண்டு பேரு தூக்கிட்டு வருவான். நான் போடல, இவன்தான் சுவிச்சு போட்டாம்பான் ஒருத்தன். அதக் கேட்டுட்டா நான் காயில் கட்டுதேன்? தொறந்து பாத்துதான சொல்லுதேன்."

எனக்குச் சுருக்கென்றது. என் தொழிலும் அதுதான். ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று மனதில் ஓடியது. இந்த ஆள் மாறிவிட்டார், யாரோ மாற்றிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். கண்காணித்தேன் என்பதுதான் சரியான சொல். காலையில் நடக்கப் போகிறேன் என்று போகிறவர் ஏன் ஒரு மணி நேரம் கழித்து வருகிறார்? எங்கள் தெருமுனை தாண்டி ஒரு சர்ச் இருக்கிறது. அதன் வாசலில் இரண்டு வயதான வெள்ளைக்காரர்கள் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கையசைப்பார்கள். அவர்கள் பிடித்துவிட்டார்களோ? ஒருநாள் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் தெருவின் பொதுத் தபால் பெட்டி அருகில் நின்று, யார் வீட்டுத் தண்ணீர்க் குழாயோ மண்ணுக்கடியில் உடைந்து புல்லில் நீர் பொங்குவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மோட்டார ஆஃப் பண்ணச் சொல்லுங்க சார், வீணாப் போவுது" என்றார். ஆபீஸ் போகிறவன் போலக் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டேன். அன்று சனிக்கிழமை.

வீட்டிலும் ஏதோ நடந்தது. நான் அடுப்படிக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. அண்ணாச்சி காய் நறுக்கிக்கொண்டிருப்பார், மனைவி தாளித்துக்கொண்டிருப்பாள், இருவரும் தங்கள் வேலையில் திடீரென்று ரொம்ப அக்கறை காட்டுவார்கள். என்னிடம் அவர் பேசுவது குறைந்தது. "சாப்டீங்களா சார்", "வாரேன் சார்", அவ்வளவுதான். ஒருமுறை தபால் வந்ததா என்று மனைவியிடம் கேட்டேன். வந்தது என்றாள். என்ன தபால் என்றேன். "எல்லாம் ஜங்க்" என்றாள். அவள் பொய் சொன்னால் எனக்குத் தெரியும், காதைத் தொடுவாள். காதைத் தொட்டாள்.

விடை பிரின்டரில் கிடைத்தது. ஒரு மத்தியானம் ஏதோ படிவம் அச்செடுக்கப் போனேன். தட்டில் ஏற்கனவே ஒரு தாள் கிடந்தது. அரசு வக்கீலுக்கு எழுதிய ஆங்கிலக் கடிதம். கீழே அண்ணாச்சியின் பெயர். அன்றைய கூட்டத்தில் நான் என் கருத்தாக எதுவும் சொல்லவில்லை, என் பெயரில் எழுதியிருப்பதை நான் சொல்லவில்லை, தயவுசெய்து என்னை மறுபடி சந்திக்க வேண்டும் என்று இருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். மனைவி மட்டும் இருந்தாள்.

"இது என்ன?"

திரும்பிப் பார்த்தாள். பயப்படவில்லை. "அவர் சொன்னார், நான் டைப் பண்ணேன்."

"அவர் சொன்னாரா, நீ சொல்லிக் குடுத்தியா? உனக்குத்தான் ஆரம்பத்துல இருந்தே இந்தத் தண்டனை பிடிக்காதே."

"எனக்குப் பிடிக்காது. அது வேற." அடுப்பை அணைத்தாள். "மீட்டிங்ல பேசினதைச் சுருக்கமா எழுதி அந்த ஆபீஸ்ல இருந்து அவருக்கு லெட்டர் வந்துச்சு. எடுத்துட்டு வந்து என்னைப் படிக்கச் சொன்னார். படிச்சேன். 'நான் எப்ப அக்கா சொன்னேன்'னு கேட்டார். நான் என்ன பதில் சொல்லணும்? நீங்களே சொல்லுங்க. இந்த லெட்டர்ல ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கல. அவர் சொன்னது மட்டும்தான் இருக்கு. உங்களை மாதிரி இல்ல."

கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. கையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு வாரமாக அந்தப் பையனின் அம்மாவைச் சந்தேகப்பட்டேன், எதிர்த்தரப்பு வக்கீலை, சர்ச்சில் கையசைப்பவர்களை, கட்டிய மனைவியை, வீட்டுக்கு வந்த விருந்தாளியை. இருபத்திரண்டு வயது ஒருவன் சாக வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லாத வாக்கை எழுத வைத்தவன் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

அண்ணாச்சி கராஜில் இருந்தார். தம்பியின் குக்கருக்கு ரப்பர் வளையம் மாற்றிக்கொண்டிருந்தார். தாளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கை தானாகக் கட்டிக்கொண்டது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. உட்காருங்கள் என்றேன்.

"கோவிச்சுக்கிடாதீங்க சார்" என்றார். "எனக்கும் ஒரு நேரம் போல ஒரு நேரம் இல்ல. அவன வெட்டிப் போடணும்னுதான் இன்னைக்குக் காலைலகூட இருந்துச்சு. நாளைக்கு என்ன தோணுமோ தெரியாது. ஆனா ஊசியப் போட்டப்பொறவு சுட்டது மத்தவன்னு தெரிஞ்சா? எங்க அம்மை உசுரோட இருந்து அதையும் கேக்கணுமா? கேட்டுட்டு, 'யாருல போடச் சொன்னா'ன்னு கேப்பாள்லா. அப்ப நான் என்னன்னு சொல்லுவேன்? சார் சொல்லிட்டாங்கன்னா?"

"அவன் உள்ளயே கிடக்கட்டுங்கறீங்களா?"

"கெடக்கட்டும். தொறக்கவே வேண்டாம். தப்பா இருந்தா மட்டும் தொறக்கலாம்லா."

நான் கடிதத்தை அவரிடமே கொடுத்தேன். தபாலில் போடவில்லை, அவரையே கூட்டிக்கொண்டு போய் நேரில் கொடுத்தேன். அதை நல்ல காரியமாக எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை. வழியில் எங்கே யூ-டர்ன் இருக்கிறது என்று இரண்டு இடத்தில் பார்த்தேன்.

இரண்டாம் சந்திப்புக்கு டாலஸிலிருந்து முறையான மொழிபெயர்ப்பாளர் ஒரு பெண் வந்திருந்தார். நான் உள்ளே போக எழுந்தேன். அண்ணாச்சி என் கையைத் தொட்டார். "இந்தத் தடவை நீங்க வேண்டாம் சார்" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. கதவு சாத்திக்கொண்டது. முக்கால் மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். என்னைப் பற்றி என்னென்ன சொல்கிறார் என்று யோசித்தேன். கதவுக் கண்ணாடி வழியே ஒருமுறை எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையால் மோட்டார் சுற்றுவதைப் போலக் காட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அரசு வக்கீல் அம்மாள் பழைய குறிப்பை முன்னால் வைத்திருந்தார். அன்று குடும்பத்தின் விருப்பம் என்று சொன்னீர்களே, அது யாருடைய வார்த்தை என்று கேட்டார். என்னுடையது என்றேன். அவர் அப்படிச் சொல்லவில்லை, அவரைக் கேட்காமலே நான் சொன்னேன் என்றேன். கோர்ட்டில் எதிர்த்தரப்பு பேசியதையும் இவரிடம் நான் சொல்லவில்லை என்றேன். டாலஸ் பெண் அதை மெல்லிய குரலில் தமிழாக்கி அண்ணாச்சிக்குச் சொல்ல, என் குற்றத்தை நானே தமிழில் இன்னொரு முறை கேட்டேன். அந்த அம்மாள் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. குறிப்பின் குறுக்கே ஒரு கோடு போட்டு ஓரத்தில் கையெழுத்திட்டார்.

பிறகு பேனாவைக் கீழே வைக்காமலே என்னிடம் கேட்டார். நீங்களும் இறந்தவருக்கு நெருக்கமானவர்தான். குடும்பத்தின் பெயரில் வேண்டாம். உங்கள் பெயரில் கேட்கிறேன். இவனுக்கு மரண தண்டனை கேட்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா? சொன்னால் உங்கள் பெயரைப் போட்டு எழுதிக்கொள்கிறேன்.

வாயைத் திறந்தேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை தட்டு பிரியாணி. அந்தப் பையனின் கழுத்து ஞாபகம் வந்தது. திரையில் நான் பார்க்க மறுத்த, சாவியை நீட்டிக்கொண்டு நின்ற தம்பியின் கையும் கண்முன் வந்தது. தம்பிக்காகவாவது சொல்லிவிட வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தேன். பேனா காத்துக்கொண்டிருந்தது.

"நான் அவங்க குடும்பம் இல்லைங்களே" என்றேன், ஆங்கிலத்தில். அந்த அம்மாள் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று பேனாவை மூடினார்.

எட்டு மாதம் கழித்து வழக்கு முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் மரண தண்டனை கேட்பதில்லை என்று அரசு சொன்னது. அந்தப் பையன் ஒப்புக்கொண்டான், அவனுக்கு வெளியே வர முடியாத ஆயுள் சிறை. உண்மையாகவே ஒப்புக்கொண்டானா, ஊசிக்குப் பயந்து ஒப்புக்கொண்டானா என்று எனக்கு இன்றும் தெரியாது. அண்ணாச்சிக்கு ஃபோனில் சொன்னபோது, "சரி சார். அம்மைட்ட சொல்லிருதேன்" என்று வைத்துவிட்டார்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அந்த இரண்டாம் சந்திப்பு முடிந்து திரும்பி வந்த கார்ப் பயணம்தான். ஃப்ரீவேயில் நல்ல கூட்டம், வண்டிகள் ஊர்ந்தன. அண்ணாச்சி முன் சீட்டில் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் என் பக்கம் திரும்பினார். குத்திக்காட்டும் குரல் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"எம் பேருல அன்னைக்கு அவ்ளோ வேகமாச் சொன்னீங்க. உங்க பேருல கேட்டதும் ஏன் சார் வரல?"

ஆட்கள் இறங்கி ஏறும் அளவுக்கு வண்டிகள் நின்றுவிட்டிருந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. கண்ணாடியைப் பார்த்து ஓட்டுகிற மாதிரி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.